தூணுக்குள் ஒரு வெடி

சென்னைப் புறநகரில் ஓர் ஒர்க்‌ஷாப். முன்பக்கம் நசுங்கிய கார் ஒன்று இன்ஷூரன்ஸ் சர்வேயருக்காகக் காத்து நின்றது. பானெட் கூடாரம்போல மடிந்திருந்தது. ஸ்டீயரிங் நடுவிலிருந்து வெள்ளைத் துணிப்பை ஒன்று காற்றிழந்து தொங்கியது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பையைத்தான் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். “ஏர்பேக் வெடிச்சதாலதான் ஆளு பொழைச்சாரு” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

தலைமை மெக்கானிக் பையின் பக்கமே போகவில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு வெளிப்புறம் குனிந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. உள்ளே தள்ளினார். போகவுமில்லை. “இதுதான் சார் முதல்ல வேலை செஞ்சது. இதைப் பார்க்க ஒருத்தரும் வர்றதில்ல.”

முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே, தரையிலிருந்து கூரைவரை போகும் தூணின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினார். பெல்ட் சுற்றியிருக்கும் உருளை. அதன் பக்கவாட்டில் வளைந்து போகும் விரல் தடிமன் உலோகக் குழாய். அந்தக் குழாய்க்குள் ஒரு சிட்டிகை மருந்து இருந்து, எரிந்து, வேலையை முடித்துவிட்டு அடங்கியிருக்கிறது. இதன் பெயர் பிரீடென்ஷனர். பெல்ட்டை மோதலின் முதல் கணத்திலேயே பின்னுக்கு இழுத்து இறுக்கும் கருவி. இந்த அத்தியாயத்தை ஏர்பேக்கில் தொடங்காமல் இதில் தொடங்கக் காரணம் உண்டு. அதைச் சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் ஊருக்குள் ஓட்டும் வேகம்தான். யாரும் அதைப் பெரிய வேகம் என்று சொல்வதில்லை. ஆனால் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழும் ஒரு பொருள் தரையைத் தொடும் வேகமும் அதேதான். அந்த வேகத்தில் கார் ஒரு சுவரில் மோதி, முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் சீராகக் குறைந்தால், காரின் வேகத்தைக் குறைக்கும் விசை புவியீர்ப்பைப் போல் சுமார் 16 மடங்கு இருக்கும். கார் முழுதாக நிற்க 86 மில்லிநொடி ஆகும். ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நிஜ மோதலில் வேகம் இப்படிச் சீராகக் குறையாது. ஆனாலும் கணக்கின் திசை சரி.

பெல்ட் போடாதவர் என்ன ஆவார்? கார் நசுங்கிக்கொண்டிருக்கும்போது அவர் உடம்பு பழைய 50 கிலோமீட்டர் வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். கார் நின்றபிறகு டேஷ்போர்டில் போய் மோதும். மார்புக்கூடும் டேஷ்போர்டும் சேர்ந்து 5 சென்டிமீட்டர் அமுங்கினால், அந்தத் தூரத்துக்குள் அவர் நிற்க வேண்டும். புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு. காரின் 60 சென்டிமீட்டர் நசுங்கலில் ஒரு சென்டிமீட்டர்கூட அவருக்குப் பயன்படவில்லை. பொறியாளர்கள் லட்சக்கணக்கில் செலவழித்து அந்த முன்பக்கத்தை நசுங்கும்படி வடிவமைத்தது காரைக் காப்பாற்ற அல்ல. உள்ளே இருப்பவர் நிற்பதற்குத் தூரம் கொடுக்கத்தான். அந்தத் தூரத்தை உடம்போடு இணைக்கும் ஒரே கயிறு பெல்ட்.

சரி, பெல்ட் போட்டவர்? இங்கேதான் தொய்வு வருகிறது. கிணற்றில் வாளி இறைத்தவர்களுக்கு இது கையில் தெரிந்த விஷயம். கயிற்றை இறுகப் பிடித்து இறக்கினால் வாளி அமைதியாக இறங்கும். கயிறு தொளதொளவென்று கிடக்கும்போது வாளியைக் கைவிட்டால், தொய்வு தீரும் இடத்தில் கயிறு வெடுக்கென்று இழுக்கும், உள்ளங்கை எரியும், சில சமயம் கயிறே அறும். பெல்ட்டும் அப்படித்தான். சட்டை மடிப்பு, துப்பட்டா, சேலைத் தலைப்பு, உருளையில் இளக்கமாகச் சுற்றியிருக்கும் பட்டை எல்லாம் சேர்ந்து 10 சென்டிமீட்டர் தொய்வு இருப்பது சாதாரணம். அந்த 10 சென்டிமீட்டரை உடம்பு கடக்க 35 மில்லிநொடி ஆகும். கார் நிற்கக் கிடைத்த 86-ல் 35 வீணாய்ப் போயிற்று. அதைவிட மோசம், தொய்வு தீரும் கணத்தில் உடம்புக்கும் காருக்கும் இடையே மணிக்கு 20 கிலோமீட்டர் வேக வித்தியாசம் வந்துவிட்டிருக்கும். பெல்ட் விலா எலும்பில் வந்து அறைவது அந்த வேகத்தில்.

பிரீடென்ஷனர் செய்வது இந்த 35 மில்லிநொடியைத் திருப்பித் தருவது. மோதல் தொடங்கி 10, 15 மில்லிநொடிக்குள் அதற்குக் கட்டளை வருகிறது. அதற்குள் உடம்பு இரண்டு சென்டிமீட்டர்கூட நகர்ந்திருக்காது. மருந்து எரிந்து வரும் வாயு, குழாய்க்குள் வரிசையாக இருக்கும் உலோக உருண்டைகளைத் தள்ளுகிறது. உருண்டைகள் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றுகின்றன. சக்கரம் பெல்ட் உருளையைப் பின்னுக்குச் சுற்றுகிறது. இன்னொரு வகையில் பெல்ட் கொக்கியையே கம்பிவடம் ஒன்று கீழே இழுக்கும். எந்த வகையானாலும் தொய்வு மொத்தமும் சுமார் 10 மில்லிநொடியில் தீர்ந்துவிடும். இருக்கையில் சாய்ந்தபடியே உடம்பு கட்டப்பட்டுவிடுகிறது.

இதற்குப் பின்னால் நடப்பது இதைவிட அழகு. இறுக்கிப் பிடித்த பெல்ட் அப்படியே விடாப்பிடியாக நின்றால், அதே பெல்ட் விலா எலும்பை முறிக்கும், வயதானவர்களுக்கு நிச்சயம். ஆகவே உருளையின் நடுவே ஓர் எஃகுத் தண்டு வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட விசையைத் தாண்டினால் அந்தத் தண்டு, ஈரத்துணியைப் பிழிவதுபோல, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். முறுக முறுகப் பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடப்படும். முதலில் கெட்டியாகப் பிடி, பிறகு அளந்து விட்டுக்கொடு. மெக்கானிக் கழற்றிக் காட்டிய உருளையில் அந்தத் தண்டு திருகியே போயிருந்தது. ஒரு மனிதரின் மார்பு தாங்க வேண்டிய முறுக்கு அது.

மூன்று முனைப் பெல்ட்டை 1959-ல் வால்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் நீல்ஸ் பூலின். அதற்கு முன் அவர் போர்விமானங்களில் விமானியைத் தூக்கி எறிந்து காப்பாற்றும் இருக்கைகளை வடிவமைத்தவர். உடம்பு எவ்வளவு விசை தாங்கும் என்பதை அந்த வேலையில் கற்றார். வால்வோ அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. வாகனத் தொழிலின் வரலாற்றில் அதைவிடப் பெரிய கொடையை நான் அறியேன்.

இப்போது பைக்கு வருவோம். பெல்ட் மார்பையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டாலும் தலையைப் பிடிக்க ஆளில்லை. கழுத்து மடங்கித் தலை ஸ்டீயரிங்கை நோக்கி வரும். அந்தக் கடைசி ஒன்றிரண்டு சாண் தூரத்துக்குத்தான் ஏர்பேக். ஸ்டீயரிங் மேல் பொறித்திருக்கும் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துகளில் முதல் எஸ் ‘சப்ளிமென்டல்’ என்ற சொல்லைக் குறிக்கும். துணைக்கு வந்தது என்று பொருள். பெயரிலேயே உண்மையை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜான் ஹெட்ரிக் என்பவர் 1952-ல் மனைவி மகளோடு காரில் போகும்போது, பாறை ஒன்றைத் தவிர்க்கத் திருப்பியதில் கார் பள்ளத்தில் இறங்கியது. மகள் டேஷ்போர்டில் மோதாமலிருக்கப் பெற்றோர் இருவரும் கையை நீட்டித் தடுத்தார்கள். அந்தக் கையின் இடத்தில் வேறு எதை வைக்கலாம் என்ற யோசனைதான் 1953-ல் அவர் பெற்ற காப்புரிமை. ஜெர்மனியில் வால்டர் லிண்டரரும் அதே ஆண்டில் இதே எண்ணத்துக்கு உரிமை பெற்றார். இருவரும் நம்பியது அழுத்தப்பட்ட காற்றை. காற்றுக்கு அந்த வேகம் போதவில்லை. திடமருந்து எரிந்து வாயு தரும் முறை வந்த பிறகே பை நடைமுறைக்கு வந்தது. மெர்சிடிஸ்-பென்ஸின் எஸ் வகுப்புக் கார் 1980-களின் தொடக்கத்தில் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் பக்கத்து இருக்கைக்குப் பெல்ட் இறுக்கியும் கொண்டு வந்தது. இரண்டும் அந்தக் காரில் ஒன்றாகவே வந்தவை. நாம்தான் ஒன்றை மறந்துவிட்டோம்.

மோதல் என்று யார் முடிவு செய்கிறார்கள்? முன்பக்கத்திலும் காரின் நடுவிலும் இருக்கும் சென்சார்கள். 1960-களின் பிற்பகுதியில் ஆலன் பிரீட் வடிவமைத்த சென்சாரில் குழாய்க்குள் ஓர் உருண்டை. அதைப் பிடித்துவைக்க ஒரு காந்தம். மோதலில் உருண்டை காந்தத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடி மின்முனைகளைத் தொட்டால் சுற்று மூடும். இன்று அந்த வேலையைச் செய்வது நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் சில்லு. உள்ளே சீப்பின் பற்கள்போல நுண்ணிய விரல்கள். அசைவில் விரல்களின் இடைவெளி மாறும், மின்தேக்குத் திறன் மாறும், கணினிக்குச் செய்தி போகும்.

கணினிக்கு இருக்கும் உண்மையான சிக்கல் பள்ளம். நம் சாலைகளில் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதும், வண்ணம் பூசாத வேகத்தடையில் அடி தட்டும்போதும் சென்சாரில் உயரமான துடிப்பு எழும். சில சமயம் அது மோதலின் தொடக்கத்தைவிட உயரம்கூட. ஆனால் அது தட்டு, மோதல் தள்ளு. தட்டு வந்த வேகத்தில் அடங்கிவிடும், காரின் வேகத்தைக் குறைத்திருக்காது. தள்ளு தொடர்ந்து வேகத்தைத் தின்றுகொண்டே போகும். துடிப்பின் உயரத்தைப் பார்க்காமல் அதன் கீழுள்ள பரப்பைக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டும் பிரிந்து தெரியும். இந்தக் கூட்டலை முடித்து முடிவெடுக்க 15, 20 மில்லிநொடிதான் அவகாசம். பக்கவாட்டு மோதலில் இன்னும் குறைவு. கதவுக்கும் உடம்புக்கும் நடுவே நசுங்க இடமே இல்லை. ஐந்து மில்லிநொடியில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

முடிவானதும் மெல்லிய கம்பி ஒன்றில் ஓர் ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டிய மின்னோட்டம் பாய்கிறது. கம்பி சிவந்து மருந்தைப் பற்றவைக்கிறது. மோதலில் பேட்டரி முதலில் நசுங்கிவிட்டால்? அதற்காகவே கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்தேக்கி ஒன்று எப்போதும் நிரம்பியே இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி ஒயரைக் கழற்றியபிறகும் சில நிமிடம் காத்திருந்துதான் ஸ்டீயரிங்கைத் தொடுவார்கள். மஞ்சள் நிற இணைப்பிகளைக் கண்டால் நல்ல மெக்கானிக்கின் கை தானாக நின்றுவிடும்.

பல பத்தாண்டுகள் அந்த மருந்து சோடியம் அசைடு. சூடேறினால் சோடியமாகவும் நைட்ரஜனாகவும் பிரியும். 100 கிராம் சொச்சம் மருந்தில் ஓட்டுநர் பையை நிரப்பும் 50, 60 லிட்டர் வாயு கிடைத்துவிடும். நைட்ரஜனால் கெடுதல் இல்லை; நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். மிஞ்சும் சோடியம்தான் ஆபத்து. தண்ணீர் பட்டால் கொதிக்கும் உலோகம் அது. அதனால் வெடியுப்பையும் சிலிக்காவையும் சேர்த்து, சோடியத்தைக் கண்ணாடிபோன்ற கசடாகக் கட்டிவிட்டார்கள். ஆனால் எரியாத அசைடு கொடிய விஷம். பழைய கார்களை உடைக்கும் இடங்களில் அது பெரிய தலைவலி. 1990-களிலிருந்து குவானிடின் நைட்ரேட் முதலிய வேறு மருந்துகளுக்கு மாறினார்கள்.

மாறியவர்களில் ஜப்பானின் டகாட்டா நிறுவனம் மலிவான அம்மோனியம் நைட்ரேட்டைத் தேர்ந்தது. உரமாகவும் பயன்படும் உப்பு அது. அதன் படிக அமைப்பு 32 டிகிரி செல்சியஸை ஒட்டி மாறும். மாறும்போது கன அளவும் மாறும். பகலில் சூடு, இரவில் குளிர்ச்சி, மறுநாள் மீண்டும் சூடு. இத்தனைக்கும் நடுவே ஈரம் உள்ளே கசிய, கெட்டியாக அழுத்திய வில்லைகள் வருடங்கள் போகப்போக நுண்துளை விழுந்து பொடிந்தன. விறகுக் கட்டை நின்று எரியும். அதே கட்டையை மரத்தூளாக்கித் தூவினால் குப்பென்று பற்றும். வில்லைக்கும் பொடிக்கும் அதே வித்தியாசம். வாயு அளவுக்கு மீறிய வேகத்தில் பிறந்து, உலோக உறை கிழிந்து, துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கழுத்துக்கு வந்தன. அமெரிக்காவில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள், அதாவது பையை ஊதும் மருந்து அடைத்த உறைகள், திரும்ப அழைக்கப்பட்டன. உலகம் முழுக்கக் கணக்கிட்டால் 10 கோடி. டகாட்டா 2017 ஜூன் மாதம் திவால் மனு கொடுத்தது.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம், முதலில் கவலை எழுந்த இடங்கள் ஃபுளோரிடா போன்ற வெயிலும் புழுக்கமும் சேர்ந்த கடலோரங்கள். சென்னையிலும் தூத்துக்குடியிலும் வெயிலில் நிற்கும் காருக்குள் நடப்பதும் அதுவே. இந்தியாவிலும் அந்த இன்ஃப்ளேட்டர் பொருத்திய கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய கார் வாங்குபவர்கள் என்ஜின் ஓசையைக் கேட்கிறார்கள், டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்பவர் குறைவு. தயவுசெய்து கேளுங்கள்.

பை விரியும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை எட்டும். நிரம்பி முடிக்க 30, 40 மில்லிநொடி. முகம் வந்து சேரும்போது பை நிரம்பியிருக்க வேண்டும்; சேர்ந்ததும் காற்றை இழக்கவும் வேண்டும். அதற்காகப் பையின் பின்புறம் துளைகள் இருக்கின்றன. துளை இல்லாவிட்டால் அது ஊதிய பந்து. வந்த முகத்தை வந்த வேகத்திலேயே திருப்பி அனுப்பும். துளை வழியே வாயு சீறிப் போகப்போக, தலை தலையணையில் புதைவதுபோலப் புதைந்து நிற்கிறது. ஓட்டுநர் கண் திறக்கும்போது பை சுருங்கிக் கிடக்கும். காருக்குள் புகைபோல மிதப்பது பெரும்பாலும் பை ஒட்டாமலிருக்கப் போட்ட மாவும் மருந்தின் தூசியும். கார் தீப்பிடித்துவிட்டது என்று பலர் பதறுகிறார்கள்.

இந்த வேகமே ஆபத்தும் ஆனது. அமெரிக்காவில் பெல்ட் போடுபவர்கள் குறைவாக இருந்த காலத்தில், பெல்ட் போடாத வளர்ந்த ஆணையும் தடுக்க வேண்டும் என்று அரசு விதி கேட்டது. அதற்காகப் பைகளை அதீத வலுவோடு செய்தார்கள். 1990-களில் மெதுவான, பிழைத்திருக்க வேண்டிய மோதல்களில் குழந்தைகளும் குள்ளமான பெண்களும் அந்தப் பையால் இறந்தார்கள். 1990-க்கும் 2008-க்கும் இடையே 290-க்கும் மேற்பட்ட மரணங்களை அங்கே கணக்கெடுத்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள். பிரேக் போட்டதும் முன்னால் சரிந்து, பை கிளம்பும் இடத்திலேயே முகத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். 1998-க்குப் பிறகு பையின் வலுவைக் குறைத்ததும் இந்த மரணங்கள் அருகின. அதே அமெரிக்காவில் 2017 வரை முன்பக்க ஏர்பேக்குகள் 50,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்தன என்பது அரசின் மதிப்பீடு. இரண்டும் உண்மை. இரண்டுக்கும் நடுவே நிற்பது பெல்ட்.

ஆகவே சில வேண்டுகோள்கள். மார்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும். டேஷ்போர்டில் பக்கத்து இருக்கைப் பையின் மூடி மேல் பிள்ளையாரை ஒட்டாதீர்கள். காப்பதற்காக வைத்த பிள்ளையாரை அந்த மூடி 300 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தின் மேல் எறியும். அவருக்கு வேறு இடம் கொடுங்கள். இருக்கைக்குள்ளிருந்து பக்கவாட்டுப் பை விரியும் கார்களில் தடித்த சீட் கவர் தைத்துப் போட வேண்டாம். முன் இருக்கையில் மடியில் குழந்தையா? நம் 16 மடங்குக் கணக்கில் 10 கிலோ குழந்தை 160 கிலோவாகக் கனக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. தாய் பெல்ட் போடாமலிருந்தால் அவருக்கும் பைக்கும் நடுவில் சிக்குவது குழந்தை.

பெரும்பாலான கார்களில் பின் இருக்கைக்காரர்களுக்கு எதிரே முன்பக்கப் பை கிடையாது. பல கார்களில் பிரீடென்ஷனரும் கிடையாது. அவர்களுக்கு இருப்பது பெல்ட் ஒன்றே. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். நவீனப் பாதுகாப்பு வசதிகள் கொண்ட கார். பின்னால் இருந்த அவர் பெல்ட் போடவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர். பின் இருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. அன்றுதான் நாடு அதைப் படித்தது. இந்தியாவில் 2019 ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது, பிறகு பக்கத்து இருக்கைக்கும். 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்ற மோதல் சோதனைத் திட்டம் தொடங்கியது. பையின் எண்ணிக்கை விளம்பரத்தில் ஏறிக்கொண்டே போகிறது. அதே 2023-ல்தான், பெல்ட் போடாமலே எச்சரிக்கை மணியை அடக்கும் போலிக் கொக்கிகளை விற்ற இணைய அங்காடிகள் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுக்க வேண்டி வந்தது. ஆறு பை கொண்ட காரில் அந்தக் கொக்கியைச் செருகிக்கொண்டு போகிறவர், துணைக்கு வந்தவரை வைத்துக்கொண்டு முதலாளியை வெளியே அனுப்பியவர்.

ஒர்க்‌ஷாப்பில் சர்வேயர் வந்து போட்டோக்களை முடித்துக்கொண்டு போனார். புதிய பை, புதிய பெல்ட், புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி என்று பட்டியல் எழுதப்பட்டது. ஒருமுறை வெடித்த பிரீடென்ஷனரைத் திரும்ப ஏற்ற முடியாது. முறுகிய தண்டை நிமிர்த்தவும் முடியாது. மெக்கானிக் கழற்றிய பெல்ட்டை மேசைமேல் வைத்து, பெரிய கத்தரியை எடுத்துப் பட்டையைக் குறுக்கே வெட்டினார். மீண்டும் ஒருமுறை.

“எதுக்குண்ணே வெட்டுறீங்க?” என்றேன்.

“முழுசா குப்பையில போட்டா எவனாவது எடுத்துட்டுப் போய்க் கழுவி, இன்னொரு வண்டிக்கு மாட்டிருவான் சார். பார்க்கறதுக்கு நல்ல பெல்ட் மாதிரியேதான் இருக்கும்.”

நான்கு துண்டானதும் கத்தரியைக் கீழே வைத்தார்.